‘குளோரி’ படமும் 18 மாதம் வாங்காத சம்பளமும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகப் போரிட்ட ஒரு கறுப்பினப் படைப்பிரிவின் கதை, 1989-ல் வந்த ‘குளோரி’. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காமல் நிற்பது ஒரு கசையடிக் காட்சி. டென்சல் வாஷிங்டன் நடித்த டிரிப் என்ற சிப்பாய் முகாமை விட்டு வெளியேறிப் பிடிபடுகிறான். முழுப் படையும் வரிசையில் நின்று பார்க்க, அவன் சட்டையை உருவுகிறார்கள். முதுகெல்லாம் பழைய தழும்பு. அடி விழ விழ அவன் கண்ணை எடுக்காமல் தன் கர்னலையே பார்க்கிறான். அழவே கூடாது என்று இறுக்கிய முகத்தில் கண்ணீர் மட்டும் வழிகிறது. வாஷிங்டன் அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகர் ஆஸ்கரை வாங்க இந்த ஒரு காட்சியே போதுமாக இருந்திருக்கும். அவன் ஓடிப்போகவில்லை, காலுக்கு பூட்ஸ் தேடித்தான் போனான் என்பது கர்னலுக்கு அப்புறம்தான் தெரிகிறது.

காட்சி அபாரம். ஆனால் ராணுவத்தில் கசையடித் தண்டனையை அமெரிக்க நாடாளுமன்றம் 1861 ஆகஸ்டிலேயே ஒழித்துவிட்டது. படத்தின் கதை நடப்பதோ 1863-ல். சினிமாவில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடலாம். சீருடையில் பொத்தான் மாறியிருக்கிறது என்கிற ரகக் குறையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இந்தக் காட்சியால் நேர்ந்தது வேறு. கறுப்பினச் சிப்பாய் என்றால் தழும்பு விழுந்த முதுகு, தப்பி வந்த அடிமை என்ற சித்திரம் பார்வையாளர் மனதில் உட்கார்ந்துவிட்டது. படம் சொல்லும் 54-வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள் இல்லை. வட மாநிலங்களில் சுதந்திர மனிதர்களாக வாழ்ந்தவர்கள்: விவசாயக் கூலிகள், மாலுமிகள், முடிதிருத்துவோர், பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இழைத்த அநீதி சவுக்கு வழியாக வரவில்லை, சம்பளப் பட்டியல் வழியாக வந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த பதில், ஒன்றரை வருடம் ஒரு காசு கூட வாங்காமல் போரிட்டது. படம் இதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு காட்சி.

அடிமைமுறையைக் கைவிட மறுத்துப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் ‘ஒன்றியம்’ எனப்பட்ட வடக்குத் தரப்புக்கும் போர் 1861 ஏப்ரலில் தொடங்கியபோதே வடக்கில் கறுப்பின ஆண்கள் படையில் சேர வரிசையில் நின்றார்கள். லிங்கன் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பியது. அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தில் தங்கிய கென்டக்கி, மிசூரி போன்ற எல்லை மாநிலங்கள் எதிரணிக்குப் போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம். கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுத்தால் வெள்ளைச் சிப்பாய்கள் என்ன சொல்வார்களோ என்பது இன்னொன்று. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பிணங்கள் குவிந்து, ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரித்த பிறகுதான் மனம் மாறியது. 1862 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மிலிஷியா சட்டம், கறுப்பினத்தவரை ராணுவ வேலைகளில் சேர்க்க அனுமதித்தது. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் அவர்களைப் படையிலேயே சேர்க்க வழி திறந்தது.

அந்தக் கதவு திறந்ததும் முதலில் பாய்ந்தவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ. அவர் மாநிலத்தில் கறுப்பின மக்கள்தொகை ஒரு படைப்பிரிவுக்குப் போதாது. ஆகவே நியூயார்க், பென்சில்வேனியா, ஓஹையோ, கனடா வரை ஆள் திரட்டினார்கள். அடிமையாகப் பிறந்து நாட்டின் பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவருடைய இரண்டு மகன்களே இந்தப் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். மூத்தவர் லூயிஸ் சார்ஜெண்ட் மேஜர் ஆனார். அதிகாரிகள் மட்டும் எல்லோரும் வெள்ளையர்களாகவே இருக்க வேண்டும் என்பது போர்த் துறையின் நிபந்தனை. கர்னல் பதவிக்கு ஆண்ட்ரூ தேர்ந்தெடுத்தது பாஸ்டனின் பணக்கார, அடிமைமுறை எதிர்ப்புக் குடும்பத்துப் பிள்ளையான ராபர்ட் கோல்டு ஷாவை. வயது 25. முதலில் மறுத்துவிட்டு, ஒரு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார்.

படத்தில் ஷாவாக நடித்தவர் மாத்யூ பிராடரிக். கதையின் முக்கியப் பாத்திரங்களில் வரலாற்றில் இருந்தவர் அவர் ஒருவர்தான். டிரிப், மார்கன் ஃபிரீமன் நடித்த சவக்குழி தோண்டும் ராலின்ஸ், ஆண்ட்ரே பிராவர் நடித்த படித்த இளைஞன் தாமஸ், திக்குவாய்த் துப்பாக்கி வீரன் ஷார்ட்ஸ் எல்லாம் கற்பனை. ஷாவின் துணை அதிகாரியாக வரும் ஃபோர்ப்ஸ் கூடக் கற்பனைதான். அந்த இடத்தில் இருந்தவர்கள் ஹாலோவெல் சகோதரர்கள். நால்வரில் படித்த சுதந்திரன் ஒருவனே. அவனைத்தான் படம் பயிற்சிக் களத்தில் கையாலாகாதவனாகக் காட்டுகிறது. விகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள்.

இனி சம்பளத்துக்கு வருவோம். ஆள் சேர்க்கும்போது ஆளுநர் ஆண்ட்ரூ போர்த் துறையின் வாய்மொழி உறுதியை நம்பி ஒரு வாக்குக் கொடுத்தார்: வெள்ளைச் சிப்பாய்க்கு என்னவோ அதேதான் உங்களுக்கும். அதாவது மாதம் 13 டாலர், உடைக்குத் தனிப்படி. 1863 ஜூனில் போர்த் துறையின் சட்ட ஆலோசகர் ஒரு விளக்கம் கொடுத்தார். கறுப்பினத்தவரைச் சேர்க்க வழிசெய்தது மிலிஷியா சட்டம். அந்தச் சட்டம் அகழி வெட்டவும் மூட்டை தூக்கவும் வருகிற ஆட்களை மனதில் வைத்து எழுதியது. அதில் போட்டிருக்கும் கூலி மாதம் 10 டாலர், அதிலும் 3 டாலர் உடைக்குப் பிடித்தம். கையில் வருவது 7. சிப்பாய்க்கும் அதுதான், சார்ஜெண்ட் மேஜருக்கும் அதுதான். அதாவது முழுப் படைப்பிரிவுக்கும் ஆணை சொல்லிக்கொடுக்கும் லூயிஸ் டக்ளஸ், நேற்றுச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய் வாங்குவதில் ஏறக்குறையப் பாதிதான் வாங்க வேண்டும். படையின் மதகுருவாக வந்த சாமுவேல் ஹாரிசனுக்கும் இதே கதை: மதகுரு பதவிக்கு 100 டாலருக்கு மேல் சம்பளம், கறுப்பர் என்பதால் கையில் நீட்டியது பத்து டாலர் கணக்கு.

படத்தில் இந்த இடம் வரும்போது சம்பள மேசைக்கு முன் வரிசை நிற்கிறது. பத்துதான் என்று அறிவிப்பு வந்ததும் டிரிப் கூட்டத்தைத் தூண்டிச் சம்பளச் சீட்டைக் கிழிக்க வைக்கிறான். எல்லோரும் கிழிக்கிறார்கள். கர்னல் ஷா துப்பாக்கியால் வானத்தில் சுட்டு அமைதியாக்கிவிட்டு, இவர்களுக்குச் சம்பளம் இல்லையென்றால் நமக்கும் வேண்டாம் என்று தன் சீட்டையும் கிழிக்கிறார். ஆரவாரம். ஷா அப்படிக் கிழித்ததாகப் பதிவு எதுவும் கிடையாது. அவர் செய்தது அரசாங்க ஆள் செய்கிற வேலை: 1863 ஜூலை 2-ல் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். முழுச் சம்பளம் கொடுங்கள், இல்லையேல் இந்தப் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்ற தொனியில். 16 நாள் கழித்து வாக்னர் கோட்டைச் சுவரில் செத்தார்.

படத்தில் சம்பளப் பிரச்சினை அந்த ஆரவாரத்தோடு முடிகிறது. உண்மையில் ஷா செத்த பிறகுதான் அது சூடு பிடித்தது. அதனால்தான் படத்துக்கு அது வசதிப்படவில்லை என்று நினைக்கிறேன். ஷாவின் கடிதங்களை முதுகெலும்பாக வைத்து, ஷாவின் குரலில் சொல்லும் கதை, ஷா செத்ததும் நின்றுதானே ஆக வேண்டும்?

வாக்னர் தாக்குதலைப் படம் பெரும்பாலும் நன்றாகவே எடுத்திருக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் காக்கும் மணல் கோட்டை அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் போகப் போகக் குறுகும் மணல் திட்டு. 54-வது பிரிவு அதற்கு இரண்டு நாள் முன்பு ஜேம்ஸ் தீவில் சண்டையிட்டு, அப்புறம் இரவெல்லாம் மழையில் நடந்து, சரியான சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. 1863 ஜூலை 18 அந்தி நேரத்தில் சுமார் 600 பேர் முன்னணியில் ஓடினார்கள். 270-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். கொடியேந்தியவன் விழுந்ததும் சார்ஜெண்ட் வில்லியம் கார்னி கொடியை எடுத்து, பல இடங்களில் குண்டடி பட்டும் தரையில் படாமல் திருப்பிக் கொண்டுவந்தார். உயிர் பிழைத்தார். படத்தில் கொடியை எடுப்பது டிரிப்; அவன் சாகிறான். கார்னிக்குப் பதக்கம் கிடைத்தது 1900-ல், 37 வருடம் கழித்து. ஷாவை அவமானப்படுத்துவதாக நினைத்துத் தென்படையினர் அவரைக் கறுப்பினச் சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டார்கள். உடலை எடுத்துத் தர முயற்சி நடந்தபோது, அங்கேயே அவர்களோடு இருக்கட்டும் என்று ஷாவின் தந்தை சொல்லிவிட்டார்.

அதே வாரத்தில் நியூயார்க்கில் நடந்ததைப் படம் தொடவே இல்லை. கட்டாய ராணுவச் சேர்க்கையை எதிர்த்து ஜூலை 13 முதல் 16 வரை வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களை வேட்டையாடின. விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். 54-வது பிரிவின் சார்ஜெண்ட் ராபர்ட் சிம்மன்ஸ், பெர்முடாக்காரர். அவருடைய சிறுவயது மருமகனை அந்தக் கலவரத்தில் கும்பல் அடித்துக் கொன்றது. சில நாளில் சிம்மன்ஸ் வாக்னரில் காயப்பட்டுப் பிடிபட்டு, கை வெட்டப்பட்டு, சார்ல்ஸ்டனில் கைதியாகச் செத்தார். எந்தத் திரைக்கதையாசிரியரும் கற்பனை செய்யத் தயங்கும் நிகழ்வு, ஆவணத்தில் அப்படியே கிடக்கிறது.

படத்தின் இறுதியில் சில வரிகள் திரையில் வரும். கோட்டை ஒருபோதும் பிடிபடவில்லை என்கிறது ஒன்று. தாக்கிப் பிடிக்கவில்லை என்பது சரி. ஆனால் முற்றுகை தொடர்ந்து, செப்டம்பர் 6 இரவு தென்படையினர் கோட்டையைக் காலி செய்துகொண்டு போனார்கள். இவர்களின் வீரத்தைப் பார்த்த பிறகுதான் கறுப்பினப் படைகளைத் திரட்ட அனுமதி வந்தது என்கிறது இன்னொன்று. கறுப்பினப் படைகளுக்கான தனி அலுவலகத்தைப் போர்த் துறை 1863 மே 22-லேயே திறந்துவிட்டது; 54-வது பிரிவு பாஸ்டனை விட்டுக் கப்பல் ஏறியதே மே 28-ல்தான். லூயிசியானாவின் போர்ட் ஹட்சனிலும் மில்லிகன்ஸ் பெண்டிலும் கறுப்பினப் படையினர் வாக்னருக்கு முன்பே ரத்தம் சிந்தியிருந்தார்கள். அங்கே போரிட்டவர்களில் பலர் அடிமை வயல்களிலிருந்து நேராக வந்தவர்கள். வாக்னரில் பாஸ்டன் பத்திரிகைகளின் கண் இருந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 கறுப்பின ஆண்கள் தரைப்படையில் சேர்ந்தார்கள்; ஏறக்குறைய 40,000 பேர் செத்தார்கள், அதில் பெரும்பகுதி நோயில்.

வாக்னரில் பிழைத்தவர்களிடம் சம்பளக்காரர் திரும்பத் திரும்ப வந்தார். 7 டாலர். திரும்பத் திரும்ப வேண்டாம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் ஃபிரெடரிக் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனிடமே கேட்டார். கறுப்பரைப் படையில் சேர்ப்பதே பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது, குறைந்த சம்பளம் அந்த எதிர்ப்பைத் தணிக்கக் கொடுத்த சலுகை, கடைசியில் சமமாகிவிடும் என்றார் லிங்கன். யாருக்கு யார் பையிலிருந்து கொடுத்த சலுகை என்று டக்ளஸ் கேட்டாரா தெரியாது, கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 28-ல் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் ஜனாதிபதிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, குழந்தையிலேயே விடுதலை பெற்று, நியூயார்க்கில் வளர்ந்தவர். வளர்ந்தது எங்கே என்றால், கும்பல் கொளுத்திய அதே அநாதை இல்லத்தில். அப்புறம் நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை. படையில் சேர்ந்ததிலிருந்து ஊர்ப் பத்திரிகைக்கு வாராவாரம் போர்க்களச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். அவர் லிங்கனிடம் கேட்ட கேள்வி சுருக்கமானது: நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா? ஆயுதம் கொடுத்தீர்கள், பயிற்சி கொடுத்தீர்கள், சிப்பாயின் கடமையைச் செய்தோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை? நாங்கள் அடிமைகளாக இருந்து வந்தவர்கள் அல்லர், சுதந்திரர்களாகச் சேர்ந்தவர்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 30-ல் கர்னல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி முகாமுக்கு வந்து படையை நிறுத்திவைத்துப் பேசினார். படத்தில் ஜார்ஜியாவின் டேரியன் ஊரைக் கொளுத்தச் சொல்லும் முரட்டு அதிகாரியாக வருபவர் இவர்தான். அந்த எரிப்பு உண்மையில் நடந்தது. படம் இவரை வெறும் கொள்ளைக்காரராகக் காட்டிவிட்டு நகர்கிறது. நிஜ மாண்ட்கோமரி கன்சாஸில் அடிமைமுறைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர், தீவிரமான அடிமை ஒழிப்பாளர். அப்படிப்பட்டவர் இந்தச் சிப்பாய்களிடம், சம்பளம் வாங்க மறுப்பது கலகம், கலகத்துக்குத் தண்டனை மரணம் என்றார். நீங்கள் அடிமை இனம், சில காலம் முன்பு உங்கள் தகப்பன்மார் ஆப்பிரிக்காவில் பாம்பையும் முதலையையும் கும்பிட்டவர்கள் என்றும் சொன்னார். அடிமைமுறை ஒழிய வேண்டும் என்று உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த ஒருவர் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. படத்தில் பாகுபாடு காட்டுகிறவர்கள் எல்லோரும் பார்த்ததும் அடையாளம் தெரிகிற கெட்டவர்கள். சிப்பாய்களுக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை.

வெட்கப்பட்ட மாசசூசெட்ஸ் அரசு 1863 நவம்பரில் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு தரும் தொகைக்கும் வெள்ளையர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாநிலமே தரும். நல்ல எண்ணம்தான். ஆளுநர் ஆள் அனுப்பினார். சிப்பாய்கள் அதையும் மறுத்தார்கள். பணம் எங்கிருந்தோ நிரவினால் போதும் என்றால் இத்தனை மாதம் பட்டினி கிடந்திருக்க வேண்டாம். அமெரிக்க அரசு தன் கையால் மற்றச் சிப்பாய்க்குக் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்றார்கள். ஊரில் மனைவிகள் ஏழைகள் விடுதி வாசலில் நின்றார்கள். குழந்தை செத்த செய்தி, வீட்டை விட்டு வெளியேற்றிய செய்தி எல்லாம் கடிதத்தில் வந்தன. பட்டாளத்துக்குப் போன மகன் அனுப்பும் பணத்தை நம்பிய வீடு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகள் ஆயிரத்துக்குப் பக்கம்.

பக்கத்திலேயே, 3-வது தென் கரோலினாப் படைப்பிரிவில் இதன் இன்னொரு முடிவு நடந்தது. அது முன்னாள் அடிமைகளின் படை. அவர்களுக்கு ஆளுநரோ பத்திரிகையோ இல்லை. சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர் தன் அணியைக் கூட்டிக்கொண்டு கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். ஒப்பந்தத்தை மீறியது அரசு, எனவே இனி நாங்கள் சிப்பாய்கள் இல்லை என்றார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரி 29-ல் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குச் சிப்பாயாகச் சம்பளம் கொடுக்கச் சட்டம் கிடைக்காத அரசுக்கு, சிப்பாயாகச் சுட்டுக் கொல்ல மட்டும் சட்டம் கிடைத்துவிட்டது என்று ஆளுநர் ஆண்ட்ரூ பின்னால் எழுதினார். இந்த மனிதரை வைத்து ஒரு படம் எடுக்கலாம். யாராவது எடுத்தால் நல்லது.

வாக்கரைச் சுடுவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஃபுளோரிடாவின் ஓலஸ்டியில் ஒன்றியப் படை தோற்றுப் பின்வாங்கியது. பின்வாங்குவோரைக் காக்க முன்னே தள்ளப்பட்ட பிரிவுகளில் 54-வதும் ஒன்று. அவர்கள் அப்போது எழுப்பிய முழக்கம் படைப்பிரிவின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது: மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் மூன்று முறை ஜே! வசனகர்த்தா யாராலும் எழுத முடியாத நக்கல். குடிங் அந்தச் சண்டையில் பிடிபட்டார்.

1864 ஜூன் 15-ல் நாடாளுமன்றம் சம சம்பளச் சட்டம் போட்டது. அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் சமம். அதற்கு முந்திய பாக்கி, 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரர்களாக இருந்தவர்களுக்கு மட்டும். ஒரே படைக்குள், ஒரே கூடாரத்துக்குள் அடிமையாக இருந்தவன், இல்லாதவன் என்று கோடு கிழித்த சட்டம். ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் ஒரு உறுதிமொழி வாசகம் தயாரித்தார்: 1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ, கூலியில்லா உழைப்பை நான் எந்த மனிதனுக்கும் கடன்பட்டிருக்கவில்லை, கடவுள் சாட்சி. மாநிலச் சட்டம் உன்னை யாருடைய சொத்து என்று சொன்னது என்று அதில் கேள்வி இல்லை. கடவுள் கணக்கில் எந்த மனிதனும் இன்னொருவனுக்கு இலவச உழைப்பு கடன்பட்டவன் இல்லை. ஆகவே அடிமையாக இருந்தவனும் மனசாட்சி உறுத்தாமல் சத்தியம் செய்யலாம். செய்தார்கள். செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது, மொத்தம் சுமார் 1,70,000 டாலர். குடிங் அதை வாங்க இல்லை. தென்படையின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

இவ்வளவும் சொன்னதால் ‘குளோரி’ மோசமான படம் என்று ஆகாது. இயக்குநர் எட்வர்ட் சுவிக் இதை எடுக்கும்வரை, கறுப்பினத்தவர் அந்தப் போரில் போரிட்டார்கள் என்பதே தெரியாத அமெரிக்கர்கள் ஏராளம். பள்ளிப் பாடங்கள் அவர்களை மறந்திருந்தன. பாஸ்டனில் 1897-ல் திறந்த வெண்கலச் சிற்பம், படத்தின் இறுதியில் வருவது, அதிலும் நடுவில் குதிரைமேல் ஷா, பக்கத்தில் நடந்து போகும் கறுப்பினச் சிப்பாய்கள். செத்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் ஆரம்பத்திலேயே பொறிக்கப்பட்டன. செத்த சிப்பாய்களின் பெயர்கள் சேர்ந்தது 1980-களில். படமும் அந்தச் சிற்பமும் ஒரே கோணத்தில்தான் பார்க்கின்றன: குதிரையின் உயரத்திலிருந்து. ஷாவின் கடிதங்கள் கிடைத்தன, அதனால் அவர் கோணம் என்று சமாதானம் சொல்லலாம். குடிங்கின் பத்திரிகைக் கடிதங்களும் நூலகத்தில் இருக்கத்தான் செய்தன. அவை தொகுப்பாக வெளிவந்தது படத்துக்கு இரண்டு வருடம் கழித்து.

சம்பளத்தையே மையமாக வைத்து, சிப்பாய் கோணத்திலிருந்து ஒரு போர்ப்படம் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, ‘குளோரி’க்கு ஒரு வருடம் முன்பே பதில் வந்துவிட்டது. செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன், தியெர்னோ ஃபாத்தி சோ இருவரும் எடுத்த ‘காம்ப் த தியாரோய்’, 1988. செம்பேனே இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு காலனிப் படையில் சிப்பாயாக இருந்தவர். பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியர் கையில் நான்கு வருடம் கைதியாக இருந்து, 1944 நவம்பரில் செனகலின் தாக்கார் நகருக்குத் திரும்பிய மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. கையில் இருக்கும் பிரெஞ்சுப் பணத்தை மாற்றப் போனால் பாதி மதிப்புத்தான் என்கிறார்கள். கைதியாக இருந்த காலத்துச் சம்பளப் பாக்கியும் வரவில்லை. படத்தில் முதலில் அவர்கள் போட்டிருக்கும் அமெரிக்கச் சீருடையைப் பிடுங்கிக்கொண்டு அரைக்கால் சட்டையும் சிவப்புக் குல்லாயும் கொடுக்கிறார்கள். அப்புறம் பணத்தில் கை வைக்கிறார்கள். நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் பேச்சை இழந்த ஒருவன் எப்போதும் ஜெர்மன் இரும்புத் தொப்பியோடு திரிகிறான். இரவில் டாங்கிகள் வருவதை அவன்தான் முதலில் பார்க்கிறான். சைகையில் சொல்கிறான். முள்வேலியைப் பார்த்துப் பயந்துவிட்டான் பாவம், இன்னும் கைதி முகாமில் இருப்பதாக நினைக்கிறான் என்று சமாதானப்படுத்திப் படுக்க வைக்கிறார்கள்.

1944 டிசம்பர் 1 காலையில், தாக்காருக்குப் பக்கத்தில் இருந்த தியாரோய் முகாமில் அவர்களைப் பிரெஞ்சு ராணுவம் சுட்டது. 35 பேர் செத்ததாக அப்போதைய ராணுவக் கணக்கு. முந்நூறுக்கும் மேல் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிழைத்தவர்களில் 34 பேரை அடுத்த ஆண்டு கலகக் குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். பிரெஞ்சுப் பணம் இல்லாமல் செனகல், அல்ஜீரியா, துனிசியா சேர்ந்து எடுத்த இந்தப் படம் வெனிஸில் சிறப்பு நடுவர் பரிசு வாங்கியது. பிரான்சில் பல வருடம் திரைக்கு வரவில்லை. புதுப்பித்த பிரதி 2024 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் தியாரோயில் செத்த ஆறு பேரை ‘பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்’ என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதைப் பிரான்ஸ் தனியாகத் தீர்மானிக்க முடியாது என்று செனகல் பிரதமர் உஸ்மான் சோன்கோ பதில் சொன்னார். நவம்பரில், செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், அங்கு நடந்தது படுகொலை என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ஒப்புக்கொண்டார்.